உப்பு தொடாத விருந்தாளியோடு அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். நானும் விருதுநகர் சங்கரபாண்டியனும் பின்னால். முன்னால் ஆட்டோ ஓட்டும் தாஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் ஒரே மாலையில் சாப்பிட்டபடியே சுற்றிக்காட்டுவது என் திட்டம். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து தாஸ் கேட்டது ஆயிரத்து இருநூறு. என் கலவரத்தில் நான் பேரம் பேசவே மறந்துவிட்டேன். தாஸுக்கே அதில் வருத்தம்.

சங்கரபாண்டியன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மகள் கயல் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சரவணனின் அப்பா. இருவருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், ஒரே ஐ.டி. அலுவலகம். அன்று மதியம் பெண் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டில் காபி குடித்தார், கேசரி சாப்பிட்டார், பஜ்ஜித் தட்டை மட்டும் இரண்டு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார். சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டில் உப்பு சேர்ந்த எதையும் தொடமாட்டார்களாம். "நாளைக்கு ரயில் ஏறுறதுக்குள்ள முடிவச் சொல்லிர்றேன் சார்" என்றார்.

அந்த இரண்டு விரல்கள் என் மனக்கண்ணை விட்டுப் போகவில்லை. அப்போதுதான் எனக்குள் ஒரு மேதை விழித்துக்கொண்டான். ஓட்டல் என் வீடில்லையே! அங்கே சாப்பிடலாமே! வயிறு நிறைந்த மனிதர் எங்கேயாவது 'இல்லை' என்பாரா? கயலிடம் சொன்னேன். "கூட்டிட்டுப் போ. ஆனா ஜோக் மட்டும் அடிக்காதப்பா, ப்ளீஸ்" என்றாள். ஜோக்கை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சமிருப்பது இரத்த அழுத்தம் மட்டும்தான்.

சங்கரபாண்டியனும் ஒரு ஆசை சொன்னார். "வெள்ளிக்கிழமையானா எம்மகன் பூந்தமல்லியில ஏதோ மாடி பாருக்குப் போறானாம். அவனே சொன்னான். அந்த எடத்த ஒரு தடவ பாத்துரணும்."

முதல் நிறுத்தம், எஸ்டேட் சாலையோரப் பரோட்டாக் கடை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்களும் ஒரே பெஞ்சில் தோள் இடித்துக்கொண்டு சாப்பிடும் இடம். கொத்துப் பரோட்டா தொண்ணூறு ரூபாய். இரண்டு கரண்டிகளும் கல்லில் போடும் தாளத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். சங்கரபாண்டியன் பரோட்டா ஊர்க்காரர். கண்ணை மூடிக் கேட்டார்.

"கை சுத்தமா விழுது. நல்ல மாஸ்டர்."

"ரெண்டு பிளேட் சொல்லட்டுமா?"

"பில்லு யாரு குடுக்கப் போறா?"

"நான்தான்."

"அப்ப அது ஒங்க வீட்டுச் சாப்பாடுதான சார்."

மேதை செத்தான். அதற்குள் கடைக்காரர் இரண்டு பிளேட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். வீணாக்கினால் பெண்வீடு ஊதாரி என்று நினைப்பாரோ என்று பயந்து இரண்டையும் நானே தின்றேன். தின்ற பிறகு, பெண்வீடு பெருந்தீனி என்று நினைப்பாரோ என்று பயந்தேன்.

ஆறே முக்காலுக்கு ஆவடியைத் தாண்டிப் பருத்திப்பட்டு ஏரிக்கரை. இந்த ஏரியை அந்தி சாய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். நடைபாதை விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக இறங்கி நிற்க, குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். வெளியே தள்ளுவண்டிகள். அத்தோ எண்பது ரூபாய். வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்ந்த அந்த பர்மா நூடுல்ஸ் நாக்கில் செய்யும் கலாட்டாவை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. அவர் ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டார். அத்தோவை நான் வாங்கினேன், வாங்கியதால் தின்றேன்.

தாஸ் என்னை ஓரங்கட்டினான். "இன்னாண்ணாத்தே, சம்பந்தி ஒண்ணியும் துன்ன மாட்றாரு?"

"இன்னும் சம்பந்தி ஆகலைப்பா. மெதுவாப் பேசு."

"நீ மட்டும் துன்னுகினே கீறே. உன் மூஞ்சப் பாத்தா உனுக்குத்தான் கண்ணாலம்னு நெனைச்சிக்கப் போறாரு."

பூந்தமல்லி சாலையில் கூவத்துப் பாலம் வந்தது. "இதுதான் கூவமா?" என்று சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தார். ஊருக்குள் இருக்கும் கூவத்தைப் பற்றி நூறு ஜோக் தெரியும் எனக்கு; நூறும் தொண்டை வரை வந்தன. இங்கே ஆறு நாணல் சலசலக்க நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவே மானமாக இருக்கும்போது நான் வாயை விடக்கூடாது என்று விழுங்கினேன்.

ஏழரைக்குப் பூந்தமல்லி. நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது பார். லிப்டில் ஏறும்போது, உள்ளே மகா கூத்து நடக்கும், சம்பந்தம் இங்கேயே முடிந்தது என்று தலைசுற்றியது. கதவு திறந்தால் காற்று. தொட்டிச் செடிகள், மூங்கில் நாற்காலிகள், மட்டான இசை. கீழே பெங்களூர் சாலை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கோட்டம். பாட்டில்கள் ஒரு மூலையில் அடக்கமாக இருந்தன. பாதி மேசைகளில் பிரியாணி. இவ்வளவு அழகான இடம் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்க, நான் இத்தனை வருடம் மொட்டை மாடியில் காற்று வாங்கியிருக்கிறேன்.

ஆர்டர் எடுக்க வந்த தாடிக்காரரிடம் சங்கரபாண்டியன் போனில் மகன் படத்தை நீட்டினார். "தம்பி, இந்தப் பையன் இங்க வருவானா?"

"சரவணன் சாரு! வெள்ளிக்கெழம ஆனா அந்த ஓரத்து டேபிள்தான். அவரும் கயல் மேடமும்."

கயல் மேடம். என் கயல். பாரில்!

"என்ன குடிப்பாங்க?" சங்கரபாண்டியன் குரலில் மாற்றமே இல்லை.

"கொய்யா ஜூஸ் சார். எரநூத்தி இருவது ரூபா. அத்த ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் வச்சிகினு பேசிகினே இருப்பாங்க. எங்க ஓனருக்கே கடுப்பு."

"அதையே குடுங்க."

ஓரத்து மேசைக்கு மாறி உட்கார்ந்தோம். இரண்டு உயரமான கிளாஸ்கள் வந்தன. அவர் எடுத்து ஒரு வாய் குடித்தார். நாக்கால் உதட்டைத் தொட்டார்.

"உப்பு."

கிளாஸின் விளிம்பு முழுக்க உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருந்தது. நான் எழுந்தே விட்டேன். "ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க! ஓரத்துலதாங்க இருக்கு, உள்ள போயிருக்காது. தம்பி, தண்ணி கொண்டா! வாய் கொப்புளிச்சிடுங்க, யாரும் பாக்கல..."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தார். கயல் உட்காரும் நாற்காலியில் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், இவங்க ரெண்டு பேரும் வாராவாரம் இங்க உக்காந்து உப்பு தின்னுருக்காங்க. நாம என்னத்துக்கு ஊரச் சுத்திப் பட்டினி கெடக்கோம்?"

"பட்டினி நீங்க மட்டும்தாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. நாள் முழுக்கப் பூட்டி வைத்த வாய்.

அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள், பக்கத்து மேசைகள் திரும்பின. சிரித்தபடியே கிளாஸின் விளிம்பை ஒரு சுற்று முழுதாக நக்கி முடித்துவிட்டு, கை கழுவ எழுந்தார்.

"மட்டன் பிரியாணி ஒண்ணு சொல்லுங்க சம்பந்தி. எனக்கு மட்டும். நீங்க தின்னது போதும்."

பிரியாணி முந்நூற்று நாற்பது ரூபாய். கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது என்று அவர்தான் சொன்னார்; நான் பார்வையாளன். கீழே இறங்கியதும் தாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரனை இரண்டு முறை அடித்தான்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் மூன்று இடத்துக்கும் தாராளமாகப் போகலாம், நான் சிபாரிசு செய்கிறேன். நான்காவது ஒன்றும் இருக்கிறது. மறுநாள் காலை, ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால், சங்கரபாண்டியன் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் படியேறி நேரே சமையலறை வாசலுக்குப் போனார்.

"தங்கச்சி, நேத்து அந்த பஜ்ஜி மிச்சம் இருக்கா?"

மிச்சம் வைக்கவில்லை. அதையும் நான்தான் தின்றிருந்தேன். என் மனைவி எண்ணெய்ச் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள்.