வெள்ளிக்கிழமை லோடு

ஷா ஆலம் பக்கம் பெரிய வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கார்களின் கூரை மட்டும் தெரிந்தது. ஜனங்கள் மாடியில் நின்று கையாட்டினார்கள்... நான் சொல்லப்போகும் சங்கதி அதற்கு அடுத்த வருஷம் நடந்தது. நனைந்த சோபாவைக் காயவைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு, அந்த வருஷம்தான் தூக்கிப் போட்டேன். அதனால் கணக்குத் தப்பாது.

இத்தனை நாள் கழித்து அது எதற்கு இப்போது? காரணம் இருக்கிறது.

போன வாரம் முழங்கால் வலி என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட வந்த நர்ஸ் பெண் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்தாள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும்.

"கொஞ்சம் இரும்மா. அந்தப் போத்தலை வெளிச்சத்துல காட்டு."

"ஏன் அங்கிள்? எக்ஸ்பயரி எல்லாம் பார்த்துட்டேன் லா."

"தேதி இல்லம்மா. கழுத்துக்குக் கீழ தோள் மாதிரி வளையுது பாரு, அங்க கீறல் இருக்கான்னு பார்க்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கீறல் இல்லை.

"அங்கிள் மெடிக்கல் லைனா?"

"இல்லம்மா. லோரி டிரைவர்."

கடைசி ஆறு வருஷம் நான் ஓட்டியது அந்தப் போத்தல்களைத்தான். காலிப் போத்தல். சுங்கை வேயில் ஒரு ஸ்டோரில் ஏற்றி, கிள்ளானில் மருந்து நிரப்பும் பேக்டரியில் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் சிமெண்டு ஏற்றியிருக்கிறேன், கோழித் தீவனம் ஏற்றியிருக்கிறேன், ஒரு தடவை கல்யாண மண்டபத்து நாற்காலிகள் ஐந்நூறு... கண்ணாடி மாதிரி ஒரு சரக்கு கிடையாது. சிமெண்டு மூட்டை நம்மை ஒன்றும் சொல்லாது. கண்ணாடி பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பிரேக்குக்கும் முணுமுணுக்கும்.

ஸ்டோரில் பேக்கிங் பார்த்தவள் புஷ்பா. கம்போங் மேடான் பிளாட்டில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்... செவ்வாய், வியாழன், சனி. செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கே அவளை விட்டுவிடுவார் எங்கள் சூப்பர்வைசர் காதர் பாய். ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு போவாள். அவருக்குத் துணைக்கு வேறு ஆள் இல்லை. வேறு எந்தக் கம்பெனியில் இப்படி விடுவார்கள்?

அவள் பேக் பண்ணுவதை நின்று பார்க்கலாம். போத்தல்களை டிரேயில் நெருக்கமாக நிறுத்துவாள். மேலே பிளாஸ்டிக் போட்டு இறுக்குவாள். இறுக்கிய டிரேயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேசாக ஆட்டுவாள். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தாலும் போச்சு, பிரித்து மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம்தான் பெட்டி.

"பஞ்சு வச்சு மெத்தை மாதிரி பண்ணிடேன் புஷ்பா" என்று ஆரம்பத்தில் யோசனை சொன்னேன். நமக்குத்தான் யோசனைக்குப் பஞ்சமில்லையே.

"பஞ்சுத் தூசி உள்ள போனா மருந்துல மிதக்கும்ணே. அப்புறம், மெத்தையில படுத்தா புரளத்தானே செய்யும்? இதுங்க புரளக் கூடாது. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி, ஒண்ணு ரெண்டு உடைஞ்சா என்ன? வேற குடுத்துட்டாப் போச்சு."

"உடைஞ்சா நல்லதுண்ணே. கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போட்டுடலாம். கீறல்தான் ஆபத்து. அது வழியா காத்துப் போகும், கிருமி போகும். வெளிய பார்த்தா நல்லாத்தான் இருக்கும். அந்த மருந்தை எந்தப் பச்சப்புள்ளைக்குக் குத்துவாங்களோ..."

அன்றிலிருந்து ரோட்டில் மேடு வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். டிரைவர் மூச்சைப் பிடித்தால் லோரி எப்படிக் குலுங்காமல் போகும்? தெரியாது. ஆனால் பிடிப்பேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கிள்ளானில் போத்தல்களை விளக்கில் பார்க்கிறவர்கள் மூன்றில் கீறல் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றே மூன்று. பாய்க்கு போன் வந்தது. புஷ்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. கிள்ளானுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு செம்மண் பாதை பிரியும். பழைய தோட்டத்துப் பாதை. உள்ளே ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். டிரைவர்கள் நிறைய பேர் கும்பிடுவார்கள். நானும் வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போவேன். அந்த வாரம் போய் வேண்டிக்கொண்டேன்.

"சாமி, புஷ்பா கைபட்ட போத்தல் ஒண்ணும் கீறக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாம வரேன்."

சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை காலையில் லோடு ஏற்றுவேன், ஹைவேயில் வருவேன், செம்மண் பாதையில் திருப்புவேன். கற்பூரம், ஒரு சுருட்டு, லோரிக்கும் ஒரு தீபாராதனை. பிறகு கிள்ளான். திரும்பி வந்ததும் புஷ்பாவுக்குத் திருநீறு. அவள் நெற்றியில் பூசிக்கொண்டு மீதியைப் பேக்கிங் மேசைக்கும் ஒரு கோடு இழுப்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லோடில் ஒன்பது கீறல். அதற்கடுத்த வெள்ளி பதினாலு. திங்களிலிருந்து வியாழன்வரை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மட்டும்.

காரணம் என்ன? நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கற்பூரத்தைக் கூட்டினேன்.

காதர் பாய் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அதுதான் கொடுமை.

"வெள்ளிக்கிழமை லோடு எப்ப கட்டுறது? வியாழக்கிழமை. வியாழக்கிழமை நீ மூணு மணிக்குப் போகணும். அவசரத்துல கட்டுறே புஷ்பா."

"செவ்வாக்கிழமையும்தான் மூணு மணிக்குப் போறேன் பாய். புதன்கிழமை லோடு கீறலையே?"

பாய் கெட்ட மனுஷன் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மேல உள்ளவங்க கேக்கிறாங்க லா, நான் என்ன சொல்ல? மூணு மணி கதையை நிறுத்து, இல்லாட்டி ஆளை மாத்துங்கிறாங்க. இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பார்ப்போம். அதுக்கு மேல என் கையில இல்லை."

மூன்று மணி இல்லையென்றால் அவளால் அங்கே வேலை செய்ய முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

புஷ்பா அழவில்லை. "அந்தக் குலுக்கல் மெஷின் இருக்குல்ல பாய், அதை ஒரு பெட்டியில போடுங்க. வழியில என்ன நடக்குதுன்னு தெரியட்டும்" என்றாள். தீப்பெட்டி அளவு சாமான் அது. பெட்டி எத்தனை மணிக்கு எவ்வளவு குலுங்கியது என்று எழுதிவைத்துக்கொள்ளும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த ஒன்று பாய் மேசையில் கிடந்தது.

"குலுக்கல் ஒண்ணும் இல்லைன்னு வந்தா, பேக்கிங்தான் கோளாறுன்னு முடிஞ்சிரும். யோசிச்சுக்கோ."

"போடுங்க பாய்."

அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டேன். முனியாண்டி முன்னால் உடைத்து, மெஷினில் நல்ல பதிலாக வர வேண்டும் என்று கும்பிட்டேன். பின்னால் லோரியில் மெஷின் எழுதிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பாய் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு தாள் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் அறையில் நின்றோம். அப்போதுதான் நான் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம், பிரிக்காமல் புஷ்பா கையில் இருந்தது.

"எட்டரைக்குக் கிளம்பியிருக்கு. ஹைவே பாரு, தண்ணி மாதிரி. ஒம்போது பத்துக்கு என்னது இது? லோரியா, குதிரையா? ஏழு நிமிஷம் குதி குதின்னு குதிச்சிருக்கு. அப்புறம் இருபது நிமிஷம் அசைவே இல்லை. மறுபடியும் குதிரை." தாளை என் பக்கம் திருப்பினார். "எங்கய்யா போனே?"

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்து எனக்குக் கொஞ்சம் தூரம். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த உடனே படித்துவிட்டேன். முதல் எகிறல்... வாய்க்காலுக்கு மேலே போட்ட இரும்புத் தகடு. அடுத்து இரண்டு சின்னது, மழை அரித்த பள்ளம். பெரிய எகிறல், மரத்து வேர். எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வேர் மேல் ஏறி இறங்கியிருக்கிறேன்! மூச்சை வேறு பிடித்துக்கொண்டு.

புஷ்பாவைப் பார்த்தேன்.

அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. மெதுவாகப் பொட்டலத்தை யூனிபார்ம் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ரோட்டு வேலை நடக்குதுல்ல பாய்" என்றாள். "அங்கதான் இருக்கும். டிராபிக் ஜேம்ல லோரி நின்னிருக்கும்."

"ரோட்டு வேலை தினமும்தானே நடக்குது? மத்த நாள் தாங்குற பெட்டி வெள்ளிக்கிழமை தாங்கலைன்னா, அப்ப கட்டினதுலதான் கோளாறு. திரும்ப உன் தலையிலதான் வரும் புஷ்பா, தெரிஞ்சுதான் பேசுறியா?"

"இருக்கலாம் பாய். வியாழக்கிழமை நான் கொஞ்சம் அவசரப்பட்டிருப்பேன்."

பதினோரு வருஷம் காதில் வைத்து ஆட்டிப் பார்த்து அனுப்பியவள் சொல்கிறாள் இதை. எனக்காக. அறுபத்து மூன்று வயதில் இந்தக் கிழவனை எவன் வேலைக்கு வைப்பான் என்று நினைத்திருப்பாள். வீட்டில் அவருக்கு மறுநாள் டயாலிசிஸ்.

"அவ பொய் சொல்றா பாய்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "முனியாண்டி கோயிலுக்குப் போனேன். லோடோட போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். போத்தல் கீறக் கூடாதுன்னு வேண்டிக்கத்தான் போனேன்."

பாய் தாளை மேசையில் வைத்தார்.

"கண்ணாடியைக் காப்பாத்துன்னு கேக்க, கண்ணாடியையே தூக்கிட்டுப் பள்ளத்துல போயிருக்கே?"

"ஆமா பாய்."

"எங்க ஆளுங்களும் தர்காவுக்குப் போவானுங்கய்யா. வெறும் லோரியில போவானுங்க!"

புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்தது. பாய் படித்துக் காட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் லோரி கிடையாது, பேக்கிங் மேசையில் புஷ்பாவுக்குக் கை உதவி. முதல் நாள் நான் கட்டிய ஆறு டிரேயில் ஐந்தைப் பிரித்துப் போட்டாள். "சத்தம் கேக்கலையாண்ணே? எனக்கு இங்க வரைக்கும் கேக்குது." கேட்கவே இல்லை எனக்கு. இரண்டாவது வாரம்தான் கேட்க ஆரம்பித்தது.

அவளுடைய மூன்று மணியை யாரும் தொடவில்லை. அந்தத் தாளை பாயே மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

எனக்கு இன்னொரு கவலை. சாமியிடம் சொன்னதை எப்படி நிறுத்துவது? திரும்ப லோரி ஏறுகிற அன்றைக்குப் புஷ்பாவிடமே கேட்டேன்.

"நிறுத்தச் சொன்னது யாரு? கிள்ளான்ல எறக்கிடுங்க. அப்புறம் வெறும் லோரியோட போய் நல்லாக் கும்பிடுங்க. ஒம்போது பத்துக்கு வரலைன்னா சாமி என்ன, பஞ்ச் கார்டா கேக்கப் போகுது?"

அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் போய்க் கும்பிட்டேன். முனியாண்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கில் பார்க்கிறவர்களிடமிருந்து போனும் வரவில்லை.

நான் வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. புஷ்பா இன்னமும் அங்கேதான். செவ்வாய், வியாழன் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுகிறாள். அப்படியென்றால் அவரும் இருக்கிறார் என்று அர்த்தம். போன் பண்ணும்போது நான் அதைத்தான் முதலில் கேட்பேன். "மூணு மணிக்குத்தானே போறே?" "ஆமாண்ணே." அது போதும்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ மருந்துப் போத்தல் ஏற்றுகிற டிரைவர் யாராவது இருப்பார். அவர் போகிற வழியிலும் ஒரு மரத்தடியும் ஒரு செம்மண் பாதையும் இருக்கும். முதலில் இறக்கிவிட்டு, பிறகு கும்பிடச் சொல்லுங்கள்.

புஷ்பா சொன்னதாகச் சொல்லுங்கள்.