இடைவேளை வரை அம்மா

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அம்மாவை ஒரு படமாவது முழுதாகப் பார்க்க வைக்க எடுத்த முயற்சிகளும் அவற்றின் முடிவும்:

1. தீபாவளிக்கு மறுநாள், ஸ்ரீரங்கத்துத் தியேட்டரில். சித்தி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். சமைத்து மூடி வைத்துவிட்டு, அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். இடைவேளை முடிந்ததும் திரையில் சிலைடு போட்டார்கள்: 'பாத்திரக்கடை வீட்டு அம்மா உடனே வெளியே வரவும்.' பதறிக்கொண்டு ஓடினோம். ரசம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லையாம்.

2. திருச்சியில், மெயின்கார்டு கேட் பக்கம். ஆள் அனுப்ப முடியாத தூரம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன். இடைவேளைக்குப் பிறகு மின்சாரம் போயிற்று.

3. அதே தியேட்டரில், சித்தியையும் அழைத்துக்கொண்டு. இதைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

4. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தேன். அதற்குள் அம்மா காலமானார்.

இந்த நினைவு மலரில் உறவினர்கள் அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். அந்தப் பொறுமைக்கு இத்தனை வேலை வைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அம்மா தொட்டியத்தில் வாழை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மார்களோடு டூரிங் கொட்டகைக்குப் போய், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, மறைக்கிறது என்று பின்னாலிருப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே முடிவு வரை பார்ப்பாராம். முழுப் படம் பார்த்ததெல்லாம் அங்கேதான்.

மணமாகி ஸ்ரீரங்கம் வந்தார். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பாத்திரக்கடை நடத்தினார்கள். கடையைப் பூட்ட முடியாததால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். எந்த நேரத்துக்கு என்பது அவர்களுக்கே தெரியாது. தாத்தா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். ஆகவே, வீட்டுப் பெண்களில் ஒருவராவது எந்நேரமும் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்தார். அதில் நியாயம் இருந்தது.

சித்தியும் மருமகளாக வந்து சேர்ந்தார். அவருக்கும் சினிமா என்றால் உயிர். இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தியேட்டர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இடைவேளையில் வெளியே போகிறவர்களுக்குக் கேட்டில் ஒரு பாஸ் கொடுப்பார்கள்; அதைக் காட்டினால் மறுபடி உள்ளே விடுவார்கள். அம்மா மேட்னிக்குப் போய் முதல் பாதியைப் பார்ப்பார். இடைவேளையில் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கதையைச் சுருக்கமாகச் சொல்லிப் பாஸைச் சித்தியிடம் கொடுப்பார். சித்தி ஓடிப்போய் மீதியைப் பார்ப்பார். பெண்கள் கேட்டில் இருந்த அம்மையார் அம்மாவுக்கு 'முன்பாதி' என்றும் சித்திக்குப் 'பின்பாதி' என்றும் பெயர் வைத்திருந்தார்.

சித்தி போய்ச் சேர்வதற்குள் படம் கொஞ்சம் ஓடியிருக்கும். அந்தக் கொஞ்சம் இருவருக்குமே தெரியாது. மாவரைக்கும்போது அதைப் பற்றித்தான் பேச்சு.

"நான் போறப்ப அவன் ஜெயில்ல இருந்தான்க்கா."

"ஜெயில்லயா? நான் வர்றப்ப கல்யாணப் பந்தல் போட்டுக்கிட்டிருந்தாங்களேடி."

"அப்ப பந்தல்ல ஏதோ கலாட்டா ஆகியிருக்கு."

"மாமங்காரன் வேலையாத்தான் இருக்கும். அவன் முழியே சரியில்ல."

இப்படி இருவரும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார்கள்.

நான் பள்ளியில் படிக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார். காரணம் போயிற்று, ஏற்பாடு போகவில்லை. 'இனி அது வேண்டாம்' என்று அப்பாவும் சொல்லவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் படித்து, திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், இதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது முயற்சிக்கு எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். காலையிலேயே சமைத்து, எதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மூடியிலும் சீட்டு ஒட்டினேன். மூவரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடைவேளை மணி அடித்தது. அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

எங்கே என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான். மீதிய இவ பாத்துட்டு வந்து சொல்லுவா."

சித்தி அவர் கையைப் பிடித்தார். "அக்கா, நானும் இங்கதானே இருக்கேன். உக்காருங்க."

"ரெண்டு பேரும் இங்க இருந்தா அங்க யாரு இருக்கா?"

அங்கே யாரும் வேண்டாம், சீட்டு ஒட்டியிருக்கிறேன் என்றேன்.

"சீட்டு சோறு போடுமாடி?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

நானும் பின்னாலேயே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவருக்கோ ஒரு குறையும் இல்லை. சித்தி வந்து என்ன சொல்லப்போகிறார் என்ற ஆவலில் இருந்தார். அன்று கடையில் கல்யாணச் சீர் வியாபாரம். அப்பா மதியம் சாப்பிடவே வரவில்லை. சாயங்காலம் வந்த சித்தி, முதல் பாதியைத் தானே பார்த்தது அவ்வளவாக ருசிக்கவில்லை, அக்கா சொல்லிக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். இவர்களை என்ன செய்வது?

அதற்கடுத்த மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் புதுப் படம் வந்தது. அம்மா வழக்கம்போல் முதல் பாதியைப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் கதையைச் சொல்லிப் பாஸைக் கொடுத்தார். சித்தி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் ஓடிப்போய்ச் சித்தியைத் திரும்ப அழைத்து வந்தார்கள். நினைவு தப்பிக் கிடந்த அம்மாவுக்கு இது தெரியாது.

திருச்சி ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேச்சு வந்ததும் சித்தியைத்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கடைசில வீடு போய்ச் சேந்தாளாடி?"

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சேந்துட்டாக்கா. அவ அண்ணனே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனான்."

"அவனா? அவன் வரமாட்டான்னுல்ல நெனச்சேன்."

"வந்தான்க்கா. வந்து அழுதுட்டான்."

"அழட்டும். நல்லா வேணும் அவனுக்கு," என்று சொல்லி அம்மா சிரித்தார். மறுநாள் விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க உதவிய அண்டை வீட்டாருக்கும், வார்டில் முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், தொட்டியத்திலிருந்து வாழையிலைக் கட்டுகளோடு வந்து காரியங்களை நடத்திக்கொடுத்த மாமன்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் பார்ப்பது தெரிந்தும் இத்தனை வருஷமும் தெரியாததுபோல் இருந்த பெண்கள் கேட் அம்மையாருக்கு என் தனி நன்றி.

ஓராண்டு ஆயிற்று. அந்தப் படம் இப்போது திருச்சியில் மறுபடி ஓடுகிறது. சித்தியைக் கூப்பிட்டேன். "முன்பாதி அக்காவோடது. அத நான் எப்படிப் பாக்கறது?" என்று கேட்டார். நானும் போகவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மதியம் வந்து தாங்களே சோறு போட்டுச் சாப்பிடுகிறார்கள். ரசம் எதில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிகிறது.