அஞ்சு வருஷ வாரண்டி

"மெஷின் அக்காவுக்கு டாக்டர் அஞ்சு வருஷம்னு நாள் குறிச்சிட்டாராம்" என்று மூன்றாம் மாடிக்காரி லிஃப்டில் சொன்னாள். அவளுக்குச் சொன்னது மருந்துக்கடைப் பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, நாள் குறிக்கப்பட்ட அக்கா என் சமையலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சலவை இயந்திரத்தின் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற அளவுக்கு இந்தக் கட்டிடமே அவரை நம்புகிறது. எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டார். முதலில் காது. பிறகு முதுகில் ஒரு தட்டு. "என்னடா ராசா, எங்கடா வலிக்குது?" என்று ஒரு விசாரணை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

வடிகட்டியில் சிக்கியதையெல்லாம் எடுத்து இயந்திரத்தின் தலையில் வரிசையாக வைப்பார். கொண்டை ஊசி, சட்டைப் பித்தான், எப்போதோ தொலைந்துபோன ஒற்றைத் தோடு. "இந்தா, உங்க வீட்டு மானம். எடுத்து உள்ள வைம்மா" என்பார்.

ஆள் கனத்த உடம்பு. மருந்து ஏற்றியதில் கொட்டிப்போன முடி, திரும்பி வரும்போது சுருட்டையாக வந்திருந்தது. "பார்லர்ல தவம் கெடந்தாலும் இப்படி அமையாது" என்று விரலால் சுற்றிக் காட்டுவார். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வேலைச் சட்டையின் இடது பையில் சின்ன டார்ச் இருக்கும். "இப்பத்தான் பாக்கெட்டு படிஞ்சு உக்காருது." இதைக் கேட்டு யாராவது முகம் சுண்டினால் அவருக்குப் பிடிக்காது. சிரித்துத் தொலைக்க வேண்டும். கூட வரும் அவர் வீட்டுக்காரர் மட்டும் சிரிப்பதில்லை. வேனை ஓட்டுவார், இயந்திரத்தைத் தூக்குவார், தூக்கி வைத்ததும் வேனுக்கே போய் உட்கார்ந்துகொள்வார்.

அன்று தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, லிஃப்டில் கேட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அஞ்சு வருஷமா? அதைக் கெளப்பிவிட்டதே நான்தான். டாக்டர் சொன்னாரும்மா. அஞ்சு வருஷத்துக்கு நூத்துக்குத் தொண்ணூறு. எம்பொண்ணுதான் கூட இருந்து நம்ம பாஷைல சொன்னா. தொண்ணூறு மார்க்! பள்ளிக்கூடத்துல நான் நாப்பதைத் தாண்டினதில்ல. அஞ்சு வருஷ வாரண்டின்னு வை. அதுக்குள்ள அவ படிப்பு முடிஞ்சிரும், ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருவேன். அப்புறம் கழட்டிப் போட்டா போடட்டும்."

"நோய் திரும்பாம இருக்கக் குடுத்த மாத்திரையை ஒழுங்கா போடறீங்கல்ல?"

"அதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. விரல் கணு கணுவா புடிச்சுக்குது, ஸ்பேனர் நழுவுது. மாத்திரையும் அஞ்சு வருஷம்தான், உசுரும் அஞ்சு வருஷம்தான். போட்டா என்ன, போடாட்டி என்ன? எங்க வீட்டுக்காரர்கிட்ட உளறிடாத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

ஆயுசுக்குக் கெடு என்றும் உயிருக்கு உத்தரவாதம் என்றும் ஒரே எண்ணை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார், இரண்டுமே தப்பு. வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அவருடைய தொழிலை வைத்தே சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, ஒரே மாடல்ல நூறு மெஷின் வித்துருக்கீங்கன்னு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தா தொண்ணூறு ஓடிக்கிட்டிருக்கு. அவர் சொன்னது அவ்வளவுதான். பத்து முன்னாடியே நின்னிருக்கும். தொண்ணூறும் மறுநாளே நின்னுடும்னு அர்த்தமில்ல. மாத்திரையை விடாம போட்டவங்களை வச்சுத்தான் அந்தக் கணக்கு. உங்க ஒரு மெஷினுக்குன்னு யாரும் எதுவும் எழுதிக் குடுக்கல."

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அப்போ வாரண்டி இல்ல."

"இல்லக்கா."

"அஞ்சுக்கு மேலயும் ஓடலாம்."

"நெறைய பேர் ஓடறாங்க."

"நாளைக்கே நிக்கவும் நிக்கலாம்."

ஆறிப்போன தேநீரை நான் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு அந்தாளு நாள் குறிச்சிருந்தாலே தேவலாம்மா" என்றார் அக்கா. அதுவரை நான் அவர் சிரிக்காத குரலைக் கேட்டதில்லை.

மறுநாளே மாத்திரையை மீண்டும் ஆரம்பித்தார். வேலைக்கு உட்காருமுன் வெந்நீர் கேட்டு, கையை ஊறவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி எடுப்பார். ஆனால் முதுகு வலி அதற்கு முன்பே வந்திருந்தது. கனம் தூக்கியதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், அதைப் பரிசோதனையில் வாய் தவறிச் சொல்ல, டாக்டர் எழுந்து வந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்த்தாராம். "நான் மெஷினைத் தட்டுவேன்ல, அதே மாதிரி. எனக்கு அப்பவே வெளங்கிப்போச்சு." ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைத் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இன்று காலை அவரே கூப்பிட்டார். "உம் மெஷினைச் சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்." என் இயந்திரத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. மருத்துவமனைக்காரர்கள் இன்று கூப்பிட்டுப் பேசப்போவது இந்த ஊர்ப் பாஷையில்; அக்காவுக்குப் பிடிபடாததை நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். மகளை இந்த முறை நடுவில் நிறுத்த அவருக்கு மனமில்லை. வீட்டுக்காரர் கீழே வேனில் இருக்கிறார். இயந்திரத்தின் பெல்ட்டை மாற்றப் போவதாக அவரிடம் சொல்லியிருக்கிறது.

பின்பக்க மூடியைக் கழற்றினார். பார்த்தார். அப்படியே மாட்டினார். வடிகட்டியில் பஞ்சுகூட இல்லை. கைப்பேசியை இயந்திரத்தின் மேல், தோடும் பித்தானும் வைக்கிற இடத்தில் வைத்திருந்தார்.

"ஏம்மா, எலும்புக்குப் போயிருந்தா எத்தனை மார்க்கு?"

எனக்குத் தெரியும். விடிவதற்குள் இணையத்தில் எத்தனை பக்கங்களில் தேட முடியுமோ அத்தனையிலும் தேடியிருந்தேன். "அது வேற கணக்குக்கா" என்றேன்.

"பாஸ் மார்க்காவது வருமா?"

ஈரமில்லாத மேடையைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"சரி விடு. நூறு பேருல நான் யாருன்னு அந்த டாக்டருக்கே தெரியாதுன்னு நீதானே சொன்ன."

கைப்பேசி அடித்தது. தகரத்தின் மேல் அதிர்ந்து, விளிம்பை நோக்கி நகர்ந்தது. நான் கையை நீட்டினேன். அதற்குள் அக்கா எடுத்துவிட்டார். எண்ணைப் பார்த்தார். இயந்திரத்தின் கதவைத் திறந்து, கைக்குழந்தையின் காலுறையை வைப்பதுபோல அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வந்து வந்து போனது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுருட்டை முடியை ஒதுக்கிக்கொண்டு, இயந்திரத்தின் விலாவில் காதை வைத்தார். உள்ளே அது அடித்துக்கொண்டிருந்தது.