கால மேல வை

மலைமேல் வேலை பார்ப்பவர்களிடம் அவள் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "டவர்காரரோட பின்சீட்டா? அப்படிக் கேளுங்க" என்பார்கள். கணவர் மலை உச்சிகளில் நிற்கும் தொலைபேசிக் கோபுரங்களைப் பழுது பார்ப்பவர். கல்யாணமான புதிதில், கூட வந்துகொண்டிருந்த உதவியாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "இன்னைக்கு ஒரு நாள் வந்து கயிறு பிடி" என்று அவளை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. நடுவில் ஒரு மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள்.

முதல் நாளே அவர் பாடம் நடத்தினார். "பின்னாடி மூட்டை மாதிரி உக்காரு. ஆடாத."

"மூட்டை சாயாதுங்க. நான் சாய்வேன்" என்றாள் அவள்.

சாய்ந்துதான் பழகினாள். ஏற்றத்தில் அவர் முதுகோடு ஒட்டிக்கொள்வாள். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருவாள். பாறையில் டயர் ஏறும் கணத்தில் இடுப்பைச் சற்றே தூக்கிக்கொள்வாள். கால் மட்டும் எந்நேரமும் மிதிகட்டையில். வண்டி தடுமாறினால் தரையில் கால் ஊன்றுவது ஓட்டுகிறவர் வேலை. அவள் காலை எடுத்தால் இருவருமே சரிய வேண்டியதுதான். உச்சிக்குப் போனதும் அவர் கோபுரத்தில் ஏறுவார். இவள் கீழே நின்று ஸ்பேனரையும் கேபிளையும் கயிற்றில் கட்டி அனுப்புவாள், பேட்டரிகளைத் துடைப்பாள், ஜெனரேட்டரின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவாள். இதற்கெல்லாம் யாரும் அவளுக்குப் பட்டம் தரவில்லை. பின்சீட்டு என்ற பட்டப்பெயரோடு சரி.

போன மழையில் பாதை போய்விட்டது. மண் சரிந்து, பைக் போன தடமெல்லாம் உருளைப் பாறையும் சேறுமாக, நடுவில் புதிதாக ஓர் ஓடையும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் இருவருமாக விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு, அவளுக்குத் தோள் எலும்பில் விரிசல். எலும்பு கூடுவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பைக் மாதிரி கால் போட்டு ஏறி ஓட்டும் நாலு சக்கர மலைவண்டிகளின் வீடியோக்களைப் பார்ப்பார். சேறு தெறிக்கும், எஞ்சின் உறுமும், இவள் குழம்பு ஊற்றுவாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா" என்றால், "லோ கியர்ல எப்படி ஏறுது பாரு" என்று பதில் வரும்.

டயர் கடை வைத்திருக்கும் கொழுந்தனும் கூட வர, ஒரு காலையில் கடைக்குப் போனார்கள்.

உள்ளே நுழைந்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோவில் கையகலத்துக்கு இருந்தது இங்கே அவள் மார்புயரத்துக்கு நின்றது. டயர் ஒவ்வொன்றும் அண்டா மாதிரி.

"ஏங்க, இது வண்டியா? நம்ம கட்டிலுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு!"

"கட்டில்ல படுக்கலாம் அண்ணி. இதுல படுத்தா நம்மள எழுப்பவே முடியாது" என்றான் கொழுந்தன்.

விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்தவள், பாம்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சிறிய வண்டியைக் காட்டினாள். "இந்தக் குட்டி போதாதா?"

விற்பனைக்காரர் பொறுமைசாலி. "நல்ல மண் ரோடுன்னா தாராளமா போதும்மா. ஆனா நீங்க போறது பாறை. பேட்டரி, சாமான்னு பின்னாடி ஏத்திக்கிட்டு நடக்கிற வேகத்துல ஏறணும். குட்டி எஞ்சின் முக்கும், சூடேறும், பெல்ட் கருகும். ஆயிரம் சிசி வேகத்துக்குன்னு நெனைக்காதீங்க, முக்காம ஏறத்தான்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். பைக் மாதிரி முறுக்க வேண்டாம், வலது கட்டைவிரலால் இந்தத் தகட்டை அழுத்தினால் போகும், விட்டால் எஞ்சினே பிடித்து நிறுத்தும். இந்தப் பொத்தானை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும். வண்டியின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குனிந்து பாருங்கள். முன்னால் இருப்பது வின்ச். மாட்டிக்கொண்டால் கம்பியை மரத்தில் கட்டி வண்டியே தன்னை இழுத்துக்கொள்ளும். வண்டி நீளமாக இருந்தால் ஏற்றத்தில் மூக்கைத் தூக்காது. கணவர் எல்லாவற்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார். அவள்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. பைக் ஓட்டினவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. வண்டி சாயும்போது கால் தன்னால கீழ போகும். போகக் கூடாது. பின் டயர் வந்து கால் மேல ஏறிடும். என்ன ஆனாலும் கால் மேலயே இருக்கணும்."

"தெரியும்" என்றார் கணவர்.

அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது கறுப்பு வண்டி. பெரிய எஞ்சின், குட்டையான உடம்பு. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த படத்தை அவள் சும்மாதான் பார்த்தாள். ஒரு வண்டி, அதில் இரண்டு பொம்மை மனிதர்கள், அவர்கள் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு.

"இது என்னங்க படம்?"

விற்பனைக்காரர்தான் சொன்னார். "அது ஒருத்தர் மட்டும் போற வண்டிம்மா. பின்னாடி யாரும் உக்காரக் கூடாது. ரெண்டு பேருக்குன்னா அந்தப் பச்சை வண்டி, கொஞ்சம் நீளம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்கு ஒரு சீட்டு போதும்" என்றார், டயரிடம். "வளைவெல்லாம் ரொம்பக் குறுகலா இருக்கு. நீளமானது திரும்பாது."

"அப்ப நான் எங்கங்க உக்கார்றது?"

"நீ எதுக்கு இனிமே? வீட்டுல நிம்மதியா இரு."

அவளுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது. கடையில் விளக்கெல்லாம் எரிகிறது, கொழுந்தன் ஏதோ சொல்கிறான், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடு பின்னால் உட்கார்ந்திருந்த பொம்மையின் கழுத்தில்தான் சரியாக விழுந்திருந்தது. இத்தனை மாதம் குழம்பு ஊற்றியபோதெல்லாம் இவர் பார்த்தது இதைத்தானா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நாளை முதல் அவர் உறுமிக்கொண்டு மலையேறுவார். அவள் பாத்திரம் கழுவிவிட்டு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு இருக்கையில் முடிந்தது கதை.

கொழுந்தன் மெதுவாக, "அண்ணா, மேல போனா கயிறு யாரு பிடிப்பாங்க?" என்றான்.

"கம்பத்துல கட்டிக்குவேன்."

கடைக்குப் பின்னால் வண்டியைச் சோதித்துப் பார்க்க ஒரு மேடு கட்டி வைத்திருந்தார்கள். மண்ணும் பாறையும் கொட்டி, ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருந்தது. கணவர் கறுப்பு வண்டியில் ஏறினார். தலைக்கவசம் மாட்டி, கட்டைவிரலால் அழுத்த, வண்டி முனகல்கூட இல்லாமல் பாறைமேல் ஏறியது. கொழுந்தன் விசிலடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு சரிவின் ஓரத்தில் நின்றாள். வயிற்றெரிச்சலோடுதான் நின்றாள் என்பதை மறைப்பானேன்.

சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அப்போது அவர் இடது குதிகால் மிதிபலகையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது.

மற்ற இருவருக்கும் அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்து இத்தனை வருஷம் குனிந்து பார்த்த குதிகால் அது. அது இப்படி எழும்பினால் அடுத்த மூச்சில் கால் தரையில் இருக்கும்.

"கால மேல வைடா!"

மேடு முழுக்க எதிரொலித்தது. யார் கத்தியது என்று அவளே திரும்பிப் பார்க்காத குறை.

கால் மேலே போகவில்லை. தரையில் ஊன்றியது. பின் டயர் நிதானமாக வந்து, பூட்ஸின் மேல் ஏறி, அங்கேயே நின்றது. அவர் விரலை விட்டுவிட்டார்; வண்டி அவர் கால்மேல் நின்றபடி பள்ளத்தின் பக்கம் சாய்ந்து உறுமிக்கொண்டிருக்க, அவர் பக்கவாட்டில் மண்ணில் கிடந்தார்.

விற்பனைக்காரரும் கொழுந்தனும் பாய்ந்து போய்ப் பள்ளத்துப் பக்கம் தோளைக் கொடுத்தார்கள். வண்டி அசையவில்லை, அவர்கள் கையை எடுத்தால் அவர் மேலேயே புரளும்.

"யாராவது மேட்டுப் பக்கம் ஏறி லேசா முன்னாடி எடுங்க!" என்று கத்தினார் விற்பனைக்காரர். யாராவது என்று சொல்ல அங்கே இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது.

மேட்டுப் பக்கமிருந்து ஏறினாள். கால் இரண்டையும் பலகையில் வைத்தாள். மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாய்த்தாள். அது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத வேலை. கட்டைவிரலால் தகட்டை, குழந்தையின் மூக்கைத் தொடுகிற மாதிரி, அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. டயர் இறங்கியது. கொழுந்தன் "கால் வந்துடுச்சு!" என்றான். சரிவில் நிறுத்த பயமாக இருந்ததால் அப்படியே போனாள். போனவள் மேட்டின் உச்சியில்தான் விரலை எடுத்தாள். பிறகு வண்டியிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பூட்ஸுக்குள் இரும்புத் தகடு இருந்ததால் இரண்டு கால்விரலில் விரிசலோடு போயிற்று. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தன் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது காலுக்காக அல்ல.

"அண்ணி... அண்ணனையா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"டா போட்டு."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'ஏங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' தவிர அந்த வாயில் அவருக்கு வேறு வார்த்தை வந்ததே கிடையாது. சண்டை போட்டால்கூட மரியாதையாகத்தான் போடுவாள். சாயங்காலத்துக்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அம்மா, அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு? அது போகட்டும், அப்பாவ டான்னு கூப்பிட்டியாமே!"

"உங்க சித்தப்பன் வாய்ல ஒரு டயரத்தான் அடைக்கணும்."

கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு அவர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், அவள் தட்டு வைக்கும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"போன மழையில நீ பாறைல விழுந்த சத்தம் இன்னும் கேக்குது எனக்கு. அதான் ஒரு சீட்டு."

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். இது அவளுக்கு அடுத்த அடி. வேண்டாம் என்று ஒதுக்கினார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"அத அப்பவே சொல்ல என்னங்க? சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்ல?"

"இப்ப சொல்லு."

சொன்னாள். நின்றபடியே, சாப்பாடு ஆறுகிறவரை சொன்னாள். குட்டை வண்டி வளைவில் திரும்பும், சரி. செங்குத்து ஏற்றத்தில் பின்னால் பேட்டரியோடு மூக்கைத் தூக்கினால் என்ன செய்வீர்கள்? நீளமானது மூக்கைத் தூக்காது என்று கடைக்காரரே சொன்னார், நீங்கள் 'தெரியும்' என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். திரும்பாத வளைவில் ஒருவர் இறங்கி வழி பார்த்துச் சொல்லலாம். வின்ச் கம்பியை மரத்தில் கட்ட ஒருவர், ஹேண்டில் பிடிக்க ஒருவர். தனியாக விழுந்து கிடந்தால் கால்மேலிருந்து டயரை யார் இறக்குவது?

கடைசிக் கேள்விக்கு, "குழம்பு ஊத்து" என்றார்.

பச்சை வண்டியைத்தான் வாங்கினார்கள். பெரிய எஞ்சின், நீள உடம்பு, முதுகு சாய்ந்துகொள்ளப் பின்சீட்டு. அவர் கால் கட்டை இன்னும் பிரிக்காததால் முன்னால் உட்காருவது யார் என்ற பேச்சே எழவில்லை. மலையடிவாரத்தில் கொழுந்தன், பாறையில் பிடிக்கட்டும் என்று டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, "அண்ணா, மூட்டை மாதிரி உக்காருங்க" என்றான். அவர் முறைத்தார். ஆனாலும் ஏறி, பக்கவாட்டுப் பிடிகளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

ஓடையைத் தாண்டினார்கள். பாறைகளில் ஏறினார்கள். ஒவ்வொரு கல்லும் அவளுக்கு வீட்டளவு தெரிந்தது. மண் சரிந்த இடத்தில், அன்று அவள் எலும்பு விரிசல் கண்ட அதே இடத்தில், வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு முழங்கால் அசைவதை உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், அந்தக் குதிகால்தான்.

"கால மேல..." என்று ஆரம்பித்தவள், வார்த்தையை எதில் முடிப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

பின்னாலிருந்து, ரொம்பப் பவ்யமாக, அவர் குரல் வந்தது.

"வெச்சுட்டேங்க."

அதிர்ச்சியில் அவள் கட்டைவிரல் தகட்டிலிருந்து நழுவியது. நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, நடுச்சரிவில், வண்டி அப்படியே நின்றது.