ஜெபக் குறிப்பில் ஒரு சொல்

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழைதான் முடியத் தெரியாமல் இழுத்துக்கொண்டுபோய் மார்கழிக்குள் விழும். சுவர் ஊறும், துவைத்தது காயாது, மனிதர்களும் காய்வதில்லை. அப்படி ஒரு டிசம்பரில், சிதம்பரத்தில் இருந்த என் அக்கா தூங்குவதை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசியில் மாமா, அதாவது அவள் கணவர், மாரடைப்பில் போனார். அன்றிலிருந்து விடிய விடியக் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். சாப்பாடும் குறைந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மாடிப்படியில் இரண்டு முறை தலைசுற்றி விழுந்தாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று சொல்லி டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிய மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் வேதாகமத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"மாத்திரை போட்டுத் தூங்குறது விசுவாசம் இல்லாதவங்க வேலைடா. கர்த்தர் குடுக்கட்டும்."

நான் படித்தவன். மூளையில் சுரக்கும் ரசாயனங்களைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன்.

"நீ பேசுறதக் கேட்டா லேசாக் கண்ணச் சுழட்டுது. நிறுத்தாத" என்றாள்.

நம்பிக்கையோடு இன்னும் அரைமணி பேசினேன். பலிக்கவில்லை. என் பேச்சுக்குத் தூங்காமல் போன முதல் ஆள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு, கடலூரில் எங்கள் சபையின் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். 'தூக்கம்' என்று எழுதியிருக்கலாம். துண்டுச் சீட்டிலும் என் தமிழைக் காட்ட வேண்டியிருந்தது. 'சிதம்பரத்திலுள்ள என் அக்காவின் நித்திரைக்காக ஜெபிக்கவும்' என்று எழுதினேன். பிரசங்கம் முடியுமுன்பே நழுவி, சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். ஆலயத்தில் சைலன்ட்டில் போட்ட போன் அப்படியே கிடந்தது.

எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளில் கிறிஸ்தவர்கள் சாவதில்லை, கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் படித்துவரும் எனக்கு அன்றைக்கு மட்டும் அது நினைவில்லை. சபைச் செயலாளர் சீட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நம் சகோதரரின் அக்கா நித்திரையடைந்தார். குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்போம்" என்று அறிவித்திருக்கிறார். நான் பாதியில் எழுந்து போனது வேறு அதற்குச் சாட்சியாகிவிட்டது.

மூன்று மணிக்கு அக்கா வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமாவின் அடக்கத்துக்கு வந்து வழி தெரிந்த சபைப் பெண்கள் நான்கு பேர் தூறலில் வெள்ளைப் புடவையோடு இறங்கினார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை, இன்னொருவர் கையில் டிபன் கேரியர். கதவைத் திறந்தது அக்கா.

மாலை மெதுவாக ஒரு முதுகுக்குப் பின்னால் போனது.

"ஸ்தோத்திரங்க்கா. நல்லா இருக்கீங்களா?"

"நீங்க வந்து நிக்கிறதப் பாத்தா இல்ல போலிருக்கே. மாலை யாருக்கு?"

நான் போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுவதும் தவறிய அழைப்புகள். சீட்டில் நான் எழுதியதைச் சொன்னேன்.

"இன்னாடா படிப்பு படிச்ச நீ? தூக்கம்னு எழுதுனா கை வலிக்குதா?" என்றாள் அக்கா.

"மாமா படத்துக்காவது போட்டுடலாமே" என்றார் ஒருவர்.

"நம்ம சபையில படத்துக்கு மாலை போட மாட்டோமே" என்றார் இன்னொருவர்.

கடைசியில் மாலை ஃபிரிட்ஜுக்குள் பால் பாக்கெட்டின் மேல் போனது. சிரித்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. அக்காவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டார்கள். அறிவிப்பு கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான் என்று நான்கு முகங்களிலும் எழுதியிருந்தது.

அவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ், ஜெபக்குழு நடத்துபவர். ரசத்தைச் சுடவைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து, அக்காவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். நான்கு வாய் இறங்கியது. பிறகு அந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். வேத வசனம் எதுவும் சொல்லவில்லை.

"இத நான் ஒன்றர வருஷம் சாப்ட்டேங்க்கா. என் பையன் போனப்புறம்."

அக்கா நிமிர்ந்தாள். "நீங்களா? எல்லாருக்காகவும் ஜெபம் பண்றீங்களே?"

"அந்த ஒன்றர வருஷமும் இதப் போட்டுக்கிட்டுத்தான் பண்ணேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப இவுங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். தகவல் திங்கட்கிழமைக்குள் சபை முழுவதும் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். கேரியர் கொண்டுவந்தவர் மூடியைத் திருகியபடியே, "நான் இன்னும் சாப்புடுறேன்" என்றார்.

"தூக்கம் வருதா?" என்று அக்கா கேட்டாள்.

"சில நாளு வரும்."

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

அன்று எட்டு மணிக்கு அக்கா அட்டையைப் பிரித்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். விழுங்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தேன். அசைவில்லை. பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு வந்தது. தூக்கத்தில் புரண்டு, மாமா படுக்கும் பக்கத்தில் கையைப் போட்டிருந்தாள். விழித்ததும் அந்தப் பக்கம் காலி என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, டீ போடாமல், பாத்திரச் சத்தம் வராமல், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.