அண்ணனுக்கு ஒரு டப்பா

ரேணிகுண்டா விமான நிலையத்தின் மிட்டாய்க் கடை முன்னால் அத்தை நின்ற தோரணை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஹைதராபாத்தில் பேரனின் பிறந்தநாளுக்கு மகன் டிக்கெட் அனுப்பியிருந்தான். திருப்பதியில் ஆசிரியையாக இருந்த நான், துணைக்கு ஆள் இல்லாமல் தடுமாறுவாளே என்று பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தேன். அவளோ சொந்த ஊர்ச் சந்தைக்கு வந்தவள்போல் கண்ணாடி அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பேரனுக்குச் சாக்லெட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு கடைப் பெண்ணிடம் தெலுங்கில், பல் போன பெரியவர் சாப்பிடுகிற மாதிரி மெத்தென்று ஏதாவது உண்டா என்று கேட்டாள். அந்தப் பெண் சர்க்கரை தூவிய ஜெல்லி மிட்டாய் டப்பாவைக் காட்டினாள். அத்தை ஒரு டப்பாவை வாங்கி, அங்கேயே பிரித்து, ஒரு மிட்டாயை வாயில் போட்டுப் பார்த்தாள். திருப்தி. பிரித்ததைத் தன் பையில் வைத்துக்கொண்டு, அதேபோல் இன்னொரு டப்பா வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"உங்க நைனாவுக்குக் குடு, பாப்பா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் அவர் தங்கையான அத்தையும் பேசிக்கொள்வது என் பிறப்புக்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஆந்திர மாநிலம் உண்டாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். திருத்தணிப் பக்கத்து விவசாயியான நைனா, தமிழ்ப் பகுதி எதையும் விடக்கூடாது என்ற போராட்டத்தில் போலீஸ் தடியடி வாங்கி, கால் முட்டி உடைந்து, கடைசிவரை விந்தி நடந்தவர். எல்லை முடிவானபோது எங்கள் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அத்தைக்கு நிச்சயம் பண்ணியிருந்த நாராயணவனத்து மாப்பிள்ளையின் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நைனா கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார். "கோடு போட்டவங்க என்னக் கேட்டா போட்டாங்க? நான் அவரத்தான் கட்டுவேன்" என்று பெரியவர்கள் முன்னால் அத்தை சொல்லிவிட்டாள். நைனா கல்யாணத்தைக் குறைவில்லாமல் நடத்திவைத்தார். ஆனால் அந்த மண்ணில் விருந்தாளியாகக் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவர், வைக்கவே இல்லை. அத்தை அனுப்பிய பலகாரமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். வருஷம் தவறாமல் புரட்டாசியில் திருமலைக்கு மட்டும் போவார். கேட்டால், "மலை எந்த ஸ்டேட்டுக்கும் சொந்தம் இல்ல" என்பார். மாமா இறந்தபோதுகூடப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். அதை வாங்கிக்கொண்ட அத்தை, என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வீட்டில் சொல்லவில்லை.

"இதையும் திருப்பி அனுப்பிடுவாரு அத்தை."

"அதெல்லாம் என் வூட்லேர்ந்து போனது. இது ஏரோப்ளேன் கடையில வாங்குனது. மலைக்கு ஸ்டேட் இல்லன்னா ஆகாசத்துக்கு மட்டும் இருக்குதான்னு கேளு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சோதனை வரிசையில் போய் நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் டப்பாவை நைனாவின் முன்னால் வைத்தேன். யார் கொடுத்தது என்றார். அத்தை என்றும், விமானம் ஏறும் முன் வாங்கியது என்றும் சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார். டப்பாவைப் பார்க்காமலே, "ஏறப்போ பயந்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. கடையிலயே ஒரு டப்பாவப் பிரிச்சித் துன்னு பாத்துட்டுத்தான் உங்களுக்கு வாங்குனாங்க."

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகாசத்தைப் பற்றி அவள் கேட்டதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சின்னதுலேர்ந்தே அப்டித்தான். நம்ம பேச்ச வெச்சே நம்மள மடக்குவா" என்றார். பிறகு அவரே டப்பாவைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து, ஈறுகளால் மெதுவாக மென்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எப்ப திரும்பி வரா?"

அத்தை திரும்பிய அன்று நான் விமான நிலையத்துக்குப் போனபோது, வெள்ளை வேட்டியில் நைனா எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். வெளியே வந்த அத்தை அவரைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"இன்னாண்ணா, வழி தெரிஞ்சிதா?"

"பஸ்ஸு கொண்டாந்து வுட்டுது. ஒடம்பு எளைச்சிட்ட நீ."

அவ்வளவுதான் பேசினார்கள். நான் பேசி வைத்திருந்த வாடகைக் காரில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புத்தூரில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, பெரியவர் ஊருக்குப் போக இங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறாரா என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் அத்தை, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"இல்லப்பா. தங்கச்சி வூட்டுக்குப் போ" என்றார் நைனா.

அந்த வீட்டில் மாமாவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "சோறு ஆறுது, வாண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகே நகர்ந்தார். இலையில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் திரும்பவில்லை, அதற்கடுத்த நாளும் திரும்பவில்லை. அம்மா கவலைப்பட்டுப் போன் செய்தபோது, நைனாவின் குரல், ஊருக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கிற மாதிரி ஓங்கி வந்தது:

"இவ நெலத்துல வரப்பு ஒண்ணும் சரியில்ல. ஆள வெச்சி வெட்டிக்கினு இருக்கேன். முடிச்சிட்டு வரேன்."