கருக்காய்க்கு ஒதுக்கிய இடம்

"கனமான கல்லையும் லேசான கல்லையும் ஒரே உயரத்துலேர்ந்து விட்டா எது முதல்ல விழும்?"

பிளஸ் டூ படிப்பு அறிமுகமான புதிது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். முதல் குரூப் கேட்ட மற்ற பிள்ளைகளிடம் இயற்பியல் வாத்தியார் மார்க்கை மட்டும் பார்த்தார். என்னிடம் மட்டும் கேள்வி.

"கனமானதுதான் சார்" என்றேன். களத்தில் நான் பார்த்தது அதுதான். அப்பா முறத்தை உயர்த்திப் பிடித்து நெல்லைக் காற்றில் தூற்றுவார். முற்றிய நெல் காலடியில் பொலியாகக் குவியும். அது பண்ணைக்கு. பாதி மணிகூடப் பிடிக்காத கருக்காய் ஆடி அசைந்து தள்ளிப்போய் விழும். அது எங்களுக்கு. ஊர் வழக்கம். கருக்காயைக் குத்தித் தின்று வளர்ந்தவளுக்கு வேறு என்ன பதில் வரும்?

வாத்தியார் சிரித்தார். "களத்துப் புத்தி வேற எங்க போவும்? எதுக்கும் ஒரு இடம் இருக்கும்மா. உனக்கு வரலாறு குரூப் போதும்."

நான் சொன்ன அதே தப்பை ஒரு கிரேக்க ஞானி சொல்லிவிட்டுப் போனார். உலகம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் அதை நம்பியது. அவரை யாரும் வகுப்பை விட்டு அனுப்பவில்லை, தத்துவ மேதை என்றார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான இடம் ஒன்று உண்டு, கல்லுக்குக் கீழே, நெருப்புக்கு மேலே என்றதும் அவர்தான். என் தப்புக்குச் சிரித்த வாத்தியார் அதே பழைய பாடத்தின் மறுபாதியை என் தலையில் கட்டினார். அவர் வீட்டார் உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாட்டுக்காரர் பெயரில்கூட நிலத்தை எழுதி வைத்தவர்கள். ஊர்ச் சுவரெல்லாம் சமத்துவம், பகுத்தறிவு என்று ஆளுங்கட்சி எழுதியிருந்த காலம் அது.

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்தார். "புள்ள தப்பா சொன்னா திருத்துங்க சார். அதுக்குத்தானே அனுப்புறோம்?"

வாத்தியார் வகுப்புக்குள் போய்விட்டார். அது குறுவை நடவு நேரம். எங்கள் தெருவே வயலில் இறங்காமல் பள்ளி வாசலில் உட்கார்ந்தது. வாத்தியார் வீட்டு நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியதும் எனக்கு முதல் குரூப் கிடைத்தது. அவர்களுக்கு நியாயம் புரிந்து கொடுக்கவில்லை. நடவுக்கு ஆள் இல்லாமல் கொடுத்தார்கள்.

பிறகுதான் எல்லாம் படித்தேன். காற்றின் தடை இல்லாவிட்டால் கனமானதும் லேசானதும் சேர்ந்தே விழும் என்று இத்தாலிக்காரர் ஒருவர் சரிவுப் பலகையில் குண்டுகளை உருட்டிக் கண்டுகொண்டார். பழத்தை இழுக்கும் விசைதான் நிலாவையும் இழுக்கிறது என்றார் ஓர் ஆங்கிலேயர். இழுப்பே இல்லை, பொருளின் நிறை வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்றார் ஜெர்மனியில் பிறந்த இன்னொருவர். அதோடும் கதை முடியவில்லை, அணுவுக்குள் போனால் அதுவும் முட்டி நிற்கிறது. பெரியவர்கள் மாறி மாறித் திருத்தப்பட்டார்கள். யாருக்கும் அதில் அவமானமில்லை. எனக்கு மட்டும் ஒரே ஒரு தப்புக்குக் கதவைச் சாத்தப் பார்த்தார்கள்.

இத்தாலிக்காரர் பாடம் மட்டும் முடிந்திருந்த அந்தக் குறுவை அறுவடையின்போது, களத்துக்குப் போகும் வழியில் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்.

"அப்ப கருக்காயும் நெல்லும் ஒண்ணாத்தான் விழுமா?"

"காத்து இல்லேன்னா ஒண்ணாத்தான்பா விழும்."

"அப்ப காத்துதான் நமக்குக் கருக்காய ஒதுக்குச்சா?"

"காத்து பிரிச்சு மட்டுந்தான்பா போட்டுச்சு. இது இவங்களுக்குன்னு சொன்னது காத்து இல்ல."

அன்று தூற்றி முடிந்ததும் பண்ணைக் காரியக்காரர் வழக்கம்போலக் கருக்காய்ப் பக்கம் கை காட்டினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு வந்து நெற்பொலியின் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.